ஆவணிக்கு ஒத்திப்போட்ட கையெழுத்து

இந்த ஊரில் எனக்கு ஒரு அக்கா இருந்தாள். இப்போது இல்லை. பதறாதீர்கள், குத்துக்கல்லாட்டம் நன்றாகத்தான் இருக்கிறாள். என் வீட்டில்தான் இருக்கிறாள்.

கூடப் பிறந்தவள் இல்லை, எதிர்வீட்டுக்காரி. ஈரோட்டுப் பக்கம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். கல்யாணமாகி நான் சென்னையிலிருந்து அமெரிக்காவின் பே ஏரியாவுக்கு வந்து இறங்கிய வாரமே கதவைத் தட்டி, "புதுசா வந்திருக்கீங்களா கண்ணு? அரிசி பருப்பெல்லாம் இருக்குதா?" என்று கேட்டவள். அன்றே அம்மாவுக்குப் போன் போட்டு, இங்கே எனக்கு ஒரு அக்கா கிடைத்துவிட்டாள் என்று சொன்னேன். என் மகள் பிறந்தபோது அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பத்தியச் சமையல் முழுக்க இந்த அக்காதான். என் சமையலறையில் நின்று பூண்டு உரித்து, மிளகு வறுத்து, கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். இதையெல்லாம் மறந்துவிட்டு நான் பேசவில்லை. மறக்க முடிந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் கட்டடம் ஃப்ரீவேயை ஒட்டி இருந்தது. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே முதலாளி. நாங்கள் எல்லாரும் வாடகைக்காரர்கள். இரண்டாவது மாடியில் எங்கள் கதவும் அக்காவின் கதவும் நேருக்கு நேர். எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது, அவளுடையது மேற்கு. கிழக்குப் பார்த்த வாசல் என்றதும் சூரியோதயம் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். கதவைத் திறந்தால் தெரிவது அக்கா வீட்டுக் கதவு மட்டும்தான். ஆனாலும் திசை திசைதானே. அக்காவின் கணவர் ஒருமுறை போனில் காம்பஸைப் போட்டு, இரண்டு வாசலிலும் நின்று சரிபார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கு வேலை போனபோதும், கிரீன் கார்டு இழுத்தடித்தபோதும், பையனுக்குப் பெண் அமையாமல் தட்டிப்போனபோதும், அக்கா எங்கள் சோபாவில் வந்து உட்கார்ந்து, "உங்க வாசல் ராசி எங்களுக்கு இல்ல கண்ணு" என்பாள். நான் சிரிப்பேன். வேண்டுமானால் வாசலை மாற்றிக்கொள்ளலாம் அக்கா என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறேன்.

என் மகள் ஹைஸ்கூலில் சேர்ந்த வருடம் கட்டடம் கை மாறியது. புது முதலாளி வாடகைக்கு விடுகிற ஆள் இல்லை. மொத்தத்தையும் கண்டோவாக மாற்றி, ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாக விற்கப்போவதாக எல்லார் கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க அதன் எல்லைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும், அங்கே வேறு வீடு வாடகைக்கு எடுப்பதே பெரும்பாடு. வாங்குவது என்கிற பேச்சை நாங்கள் எப்போதோ விட்டிருந்தோம். ஒவ்வொரு வருடமும் விசா என்ன ஆகுமோ என்று பார்த்துப் பார்த்து, கையில் இருந்த நல்ல வருடங்களைக் கோட்டைவிட்டவர்கள் நாங்கள்.

ஆனால் முதலாளி நினைத்த மாத்திரத்தில் மாற்றிவிட முடியாது, அதற்கு எங்கள் சிட்டியில் விதிகள் இருக்கின்றன என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தவள் அக்காதான். சிட்டி கவுன்சில் எங்களைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும். அனுமதி கொடுத்தாலும், ஒவ்வொரு வீட்டையும் முதலில் அதில் குடியிருப்பவரிடம்தான் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்க வேண்டும், அதுவும் வெளியாளுக்குச் சொல்வதைவிடக் குறைந்த விலைக்கு. அதற்கு ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால்தான் மற்றவர்கள் எட்டிப் பார்க்கலாம். என் கணவர் இரண்டு ராத்திரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வெலைன்னா முடியும்மா. முக்கி முனகி முடியும்" என்றார். அப்போதுதான் எனக்கு அந்த விஷயம் உறைத்தது. இந்த நாட்டில் எங்களால் வாங்க முடிகிற ஒரே வீடு, நாங்கள் ஏற்கெனவே குடியிருக்கும் வீடுதான். அன்றுமுதல் அந்தப் பழைய சுவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

சிட்டி ஹாலில் கூட்டம் நடந்த அன்று அக்கா மடிப்புக் கலையாத சுங்கடிப் புடவையில் வந்தாள். மைக் முன்னால் போய் நின்றாள், குரல் நடுங்கவில்லை. "மேடம், திஸ் இஸ் அவர் ஹவுஸ். ரென்ட் இஸ் ஒன்லி பேப்பர்" என்றாள். கூட்டம் கை தட்டியது. நான் அழுதுவிட்டேன். அதோடு விடவில்லை. மூன்றாவது மாடியில் படி ஏற முடியாமல் கஷ்டப்படுகிற ஒரு சீனத் தம்பதி இருந்தார்கள். அவர்களைக் காட்டி, கெடுவுக்குள் தங்கள் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள், யாரும் எடுக்காமல் போன வேறு வீட்டுக்கு அதே சலுகை விலையில் மாறிக்கொள்ள வழி வேண்டும் என்று கேட்டாள். கவுன்சிலில் தங்களுக்குள் பேசிக்கொண்டு, அதையும் நிபந்தனையாகச் சேர்த்துவிட்டார்கள். வெளியே வந்ததும் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நம் ஊர்ப் பொம்பளை ஒருத்தி அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு பெருமை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அப்போதே அவள் மனதில் அந்தக் கணக்கு இருந்ததா, பிறகு வந்த ஆசையா, எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் தெரியாது.

அனுமதி வந்தது. கெடு ஓட ஆரம்பித்தது. பேங்க் எங்களை இழுத்தடித்து இழுத்தடித்து, ஆனி முடிகிற நேரத்தில்தான் லோனுக்குச் சரி என்றது. அடுத்த நாள் காலையில் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் அடுத்த நாள் ஆடி பிறந்துவிட்டது.

நானும் என் கணவரும் பெரிய சாஸ்திரக்காரர்கள் இல்லை. ராகு காலத்தில் ஃப்ளைட் ஏறியிருக்கிறோம். அமாவாசையில் கார் வாங்கியிருக்கிறோம். ஆனால் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வீடு. அதில் விளையாட வேண்டாம் என்று எனக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணம் ஆட்டம் கண்டபோதெல்லாம் அதைப் பிடித்து நிறுத்தியவள் அக்கா.

"ஆடில போயி ஆராச்சும் வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவாங்களா கண்ணு?" என்றாள். எங்கள் சமையலறையில் நின்று, எனக்காக வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "நானும் இன்னும் போடல. ஆவணி பொறக்கட்டும். ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிப் போட்டுக்கலாம்."

"கெடு ஆடிக்குள்ளயே முடியுதேக்கா."

"அதெல்லாம் நான் கீழ லீஸிங் ஆபீஸ் மேனேஜர்கிட்டச் சொல்லிப்போட்டேன். எங்க வழக்கம் இப்படி, ஆவணி ஒண்ணாந்தேதி வந்து போடறோம்னு. செரின்னு சொல்லிட்டா. நீ எதுக்கு அலையற? உனக்கு வேல இருக்குது, புள்ள இருக்குது. நான் பாத்துக்கறேன்."

என் கணவர் மட்டும் முணுமுணுத்தார். "டெட்லைன்னா டெட்லைன்தான்மா. எதுக்கும் ஒரு ஈமெயில் போட்டு கன்ஃபர்ம் பண்ணிக்கலாமே" என்றார். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், அது ஊரறிந்தது. அக்காவே போய்ச் சொல்லியிருக்கிறாள், அதற்கு மேல் நாம் ஈமெயில் போட்டால் அவளை நம்பவில்லை என்று ஆகாதா என்று கேட்டேன். அவர் ஈமெயில் போடவில்லை. நம் ஆட்களுக்குள் எழுத்து எதற்கு என்பதுதான் எங்கள் எல்லாருடைய பழக்கமும். சீட்டுப் பிடிப்பதிலிருந்து குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவது வரை, இங்கே நாங்கள் வாய்வார்த்தையில்தான் வாழ்கிறோம். வெள்ளைக்காரன் சொன்னால் எழுதிக் கொடு என்போம். அக்கா சொன்னால் சரி என்போம்.

கெடு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் வந்து, சத்தமில்லாமல் தாண்டிப் போனது. அந்த வாரக் கடைசியில் ஆடிப்பெருக்கு. அக்கா வருடா வருடம் செய்கிற மாதிரி எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் செய்து, அடுக்கு டிபனில் கொண்டுவந்தாள். அன்று முகம் பளிச்சென்று இருந்தது. தலை நிறையப் பூ வேறு. சர்க்கரைப் பொங்கலில் முந்திரியை வாரி இறைத்திருந்தாள். "என்னக்கா விசேஷம், இந்த வருஷம் நெய் இப்படி ஓடுது" என்று கேட்டேன். "உங்க வீட்டுக்குத்தானே கண்ணு, நல்லா இருக்கட்டும்" என்றாள். நான் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

ஆவணி முதல் தேதி என் கணவர் பாதி நாள் லீவு போட்டார். காசோலையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து எடுத்துக்கொண்டோம். அக்கா கதவைத் தட்டினேன். தனக்குத் தலைவலி, நீங்கள் முன்னால் போங்கள் என்று உள்ளிருந்தே சொன்னாள். சரி என்று நாங்கள் மட்டும் கீழே இறங்கி லீஸிங் ஆபீஸுக்குப் போனோம்.

விற்பனையைப் பார்த்துக்கொண்ட மேனேஜர் பெண்ணுக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். நாங்கள் எந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று கேட்டதும் அவள் முகம் மாறியது. அந்த வீட்டுக்கு ஒப்பந்தம் ஆகிவிட்டதே என்றாள். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, எங்கள் வீட்டுக்கு நாங்கள்தானே போட வேண்டும் என்று நான் சிரித்தேன். ஆவணி வரை பொறுக்கச் சொல்லி எதிர்வீட்டு அக்கா உங்களிடம் பேசியிருக்கிறாரே என்று விளக்கினேன். அந்தப் பெண் ஸ்கிரீனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்காக யாரும் என்னிடம் நேரம் கேட்கவில்லை" என்றாள். "உங்கள் குடும்பம் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த வீடு என்ன ஆகும் என்று மட்டும்தான் அந்த அம்மா கேட்டார்கள்."

என் கணவர்தான் மீதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அக்கா தன் வீட்டுக்கு ஆனியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டிருக்கிறாள். எங்கள் கெடு முடிந்ததும், சீனத் தம்பதிக்காகச் சேர்த்த அந்த நிபந்தனையைக் காட்டி, தன் வீட்டை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு மாறிக்கொண்டுவிட்டாள். காலியான அவள் வீட்டையாவது எங்களுக்குக் கொடுக்கச் சொல்லி என் கணவர் கெஞ்சினார். எங்களுக்கு இருந்த சலுகை கெடுவோடு போய்விட்டது, வெளியாள் விலைதான். அந்த விலையைச் சொன்னதும் அவர் எழுந்துவிட்டார். காசோலை என் கையிலேயே இருந்தது. விரலெல்லாம் மஞ்சள்.

படியேறி வந்து அவள் கதவைத் தட்டவில்லை, இடித்தேன். தலைவலிக்காரி உடனே திறந்தாள்.

"எப்பக்கா போட்டீங்க?" என்று கேட்டேன்.

அவள் மறைக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. "ஆடிப்பெருக்கன்னிக்கு கண்ணு" என்றாள். "அது நல்ல நாளுங்கல்ல. அன்னிக்குச் செஞ்சா பெருகும்."

அந்தச் சர்க்கரைப் பொங்கலில் ஏன் அவ்வளவு நெய் என்பது எனக்கு அப்போது புரிந்தது. என் வீட்டை எடுத்துக்கொண்ட கையோடு, அந்தச் சந்தோஷத்தை எனக்கே ஊட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

"ஆவணி வரைக்கும் இருன்னு நீங்கதானே சொன்னீங்க! மேனேஜர்கிட்டப் பேசிட்டேன்னு சொன்னீங்களே!"

"உனக்குச் சின்ன வயசு கண்ணு. உனக்கு எங்க வேணும்னாலும் வீடு அமையும். எங்களுக்கு அந்த வாசல் வேணும். எம்பையனுக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா? மேக்கு வாசல்ல நாங்க பட்டது போதாதா?" சொல்லச் சொல்ல அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் அழ வேண்டிய இடத்தில் அவள் அழுதுகொண்டிருந்தாள். என்னைத் தேற்றுகிற மாதிரி கையைப் பிடிக்க வேறு வந்தாள். நான் உதறிவிட்டு எங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இருந்த பாத்திரத்தையெல்லாம் சிங்க்கில் போட்டு, கழுவினதையே கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒரு வக்கீலிடம் கேட்டோம். பக்கத்து வீட்டுக்காரி சமையலறையில் சொன்ன வாக்குக்கு விதியில் இடமில்லை என்று அவர் நாசூக்காகச் சொன்னார். விதிப்படி எங்களுக்கு எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது. நோட்டீஸ் வந்தது, கெடு கொடுத்தார்கள், நாங்கள் போகவில்லை. முதலாளிகள் வாடகைக்காரரை ஏமாற்றக் கூடாது என்று சிட்டி என்னென்னவோ யோசித்து எழுதி வைத்திருக்கிறது. அக்கா என்று கூப்பிட்டவளிடமிருந்து காப்பாற்ற அதில் ஒரு வரியும் இல்லை.

எங்கள் பக்கத்துத் தமிழர்கள் போகும் லிவர்மோர் கோயிலில் பார்த்தவர்கள் எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். "விடுங்க, நம்ம ஆளுங்க, பேசித் தீத்துக்கோங்க. பத்தியச் சமையல் பண்ணிப் போட்டவங்களாச்சே" என்றார் ஓர் ஆன்ட்டி. என்ன பேசி எதைத் தீர்ப்பது? வீடு ஒன்றுதான் இருக்கிறது. நான் பிரகாரத்தில் நின்றே, நீங்கள் உங்கள் வீட்டைக் கொடுத்துவிட்டு வந்து சொல்லுங்கள் ஆன்ட்டி என்றேன். அவர் பிரசாதத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

வாங்காதவர்கள் காலி செய்ய விதிப்படி அவகாசம் உண்டு. அது முடிவதற்குள் லிவர்மோருக்கும் அப்பால், மலை தாண்டி ஒரு வாடகை வீடு பார்த்தோம். என் கணவர் இனி விடியும் முன்பே காரை எடுத்தாக வேண்டும். மகளுக்குப் பள்ளிக்கூடம் மாறியது. அவள் என்னிடம் சண்டைகூடப் போடவில்லை. தன் அறைச் சுவரில் ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாக உரித்து, குப்பைப் பையில் போட்டாள்.

சாமான் ஏற்றிக்கொண்டிருந்த அன்று அக்கா வந்தாள். கையில் தட்டு, வெற்றிலை பாக்கு, குங்குமம். அத்தனை நாளும் கண்ணில் படாமல் ஒளிந்திருந்தவள், அன்று பட்டுப் புடவை கட்டிக்கொண்டு காலியான ஹாலில் வந்து நின்றாள்.

"கார்த்திகையில நாள் பாத்திருக்குது கண்ணு. கிரகப்பிரவேசம். நீங்க மூணு பேரும் வந்துரோணும். நீ வராம எனக்கு ஒண்ணும் ஓடாது."

என் மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, இஸ் ஷி இன்வைட்டிங் அஸ் டு அவர் ஓன் ஹவுஸ்?" என்று கேட்டாள். தமிழில் கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன்.

அக்காவைத் திட்டுவதற்கென்றே மாதக்கணக்கில் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். குளிக்கும்போதும் கார் ஓட்டும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தவை. ஒன்றும் வரவில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பால் காய்ச்சறப்போ முன்பக்க அடுப்புல வெக்காதீங்க. அது தானா பத்திக்காது. லைட்டர் வேணும்."

"எனக்குத் தெரியாதா கண்ணு?" என்று அவள் சிரித்தாள், அதே பழைய சிரிப்பு. "உனக்கு எத்தன நாள் அதுல கஞ்சி வெச்சிருப்பேன்."

எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. உட்கார நாற்காலிகூட இல்லை, எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. அந்தச் சிரிப்பு பொய் இல்லை. அந்தக் கஞ்சியும் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் அவளைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

தட்டை நான் வாங்கவில்லை. அவள் அதைச் சமையல் மேடையில் வைத்தாள். என் கையில் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்ததும் உரிமையோடு கையை நீட்டினாள்.

"சாவிய என்கிட்டக் குடு. லீஸிங் ஆபீஸ்ல நானே சொல்லிக் குடுத்தர்றேன். உனக்கு எதுக்கு அலைச்சல்?"

"வேண்டாங்க்கா" என்றேன். "நானே போய் அவங்க கையில குடுத்துட்டு, வாங்கிக்கிட்டோம்னு எழுதி வாங்கிக்கறேன்."

நீட்டிய கை அப்படியே நின்றது. நான் மகளைக் கூட்டிக்கொண்டு படி இறங்கினேன்.